ஒரு சக்கரம் சுத்துது, ஒரு சக்கரம் சும்மா நிக்குது

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல ஒரு கூட்டல் கணக்கு வரும். அஞ்சாங்கிளாஸ் கணக்குதான், பயப்படாம படிங்க.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு சென்னையில பொட்டி தட்டுற என்னைய மாதிரி ஆட்களுக்கு ஊர்ல ஒரு தனி மரியாதை உண்டு. மிக்ஸி ஓடலைன்னா போன் வரும். பம்புசெட் மோட்டார் காயில் எரிஞ்சா போன் வரும். "நீதான் இன்ஜினியருக்குப் படிச்சிருக்கியே" அப்படிங்கிற ஒரு வரியில நம்ம வாயை அடைச்சிருவாங்க. காலேஜ்ல டிஃபரன்ஷியல் படம் வரைஞ்சு பாகங்களைக் குறிச்சதோட சரி, அதுக்கப்புறம் ஏழு வருஷமா நான் கழட்டி மாட்டினது எல்லாம் ஜாவா கோடு மட்டும்தான். இது எங்க மாமாவுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் ஒத்துக்க மாட்டாரு.

எங்க ஊரு கடையநல்லூர். தென்காசியில இருந்து மதுரைக்குப் போற ரோட்டுல, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இருக்கிற ஊரு. மலை அடிவாரத்துல, கருப்பாநதி அணை இருக்கிற பக்கமா, மாமாவுக்கு ஒரு எலுமிச்சைத் தோப்பு இருக்கு. கொஞ்சம் தென்னையும் மாவும் உண்டு. பேப்பர்ல தினமும் அணை நீர்மட்டம் போடுவாங்களே, கடனா 85 அடி, ராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடின்னு, அந்தக் கருப்பாநதிதான். மாமா காலையில பேப்பரைத் திறந்ததும் முதல்ல பார்க்கிறது அந்தக் கட்டத்தைத்தான். அப்புறம்தான் தலைப்புச் செய்தி எல்லாம்.

எலுமிச்சை பறிச்சா புளியங்குடி மார்க்கெட்டுக்குப் போகணும். தார் ரோட்டுல ஏறிட்டா ஒண்ணும் பிரச்சினை இல்லை. தோப்புல இருந்து தார் ரோடு வரைக்கும் இருக்கிற ரெண்டு கிலோமீட்டர்தான் வில்லங்கம். செம்மண்ணும் களியும் கலந்த தடம், நடுவுல ஒரு ஓடை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல தென்மாவட்டங்கள்ல ஒரு மழை கொட்டுச்சே (காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்), அந்த மழை ஓடைக்கரையை அறுத்து எடுத்துட்டுப் போயிருச்சு. அதுக்கு முன்னாடி சாய்வா இருந்த ஏத்தம், இப்போ நடுவுல ஒரு மேடும் ரெண்டு பள்ளமுமா, ஒட்டகம் முதுகு மாதிரி ஆயிருச்சு.

மாமாகிட்ட ஒரு பழைய டீசல் ஜீப்பு இருந்துச்சு. ஃபோர் வீல் டிரைவ். எந்த மழையிலயும் போகும்னு தெருவுல அதுக்கு ஒரு பேரு. போன கார்த்திகை மாசம் அந்தப் பேரு போச்சு.

தோப்புல காவலுக்கு இருக்கிற பெரியவரைச் சாயங்காலம் பாம்பு கடிச்சிருச்சு. 108க்குப் போன் பண்ணியாச்சு, ஆம்புலன்ஸ் தார் ரோடு முக்குல வந்து நிக்குது. தோப்புக்குள்ள அது வர முடியாது. அவரை ஜீப்புல ஏத்திக்கிட்டு மாமா கிளம்பிட்டாரு. ஓடையில இறங்கி, அந்தப் பக்கம் ஏறும்போது ஜீப்பு நின்னுருச்சு. இன்ஜின் உறுமுது. முன்னாடி இடது சக்கரம் ஒண்ணு, பின்னாடி வலது சக்கரம் ஒண்ணு, ரெண்டும் களியை வாரி இறைச்சுக்கிட்டுச் சுத்துது. மத்த ரெண்டு சக்கரமும் நல்ல கல்லுத் தரையில சும்மா உக்காந்திருக்கு. அசையவே இல்லை. ஹேண்ட்பிரேக்கைப் பிடிச்சுப் பார்த்தாரு, ஒண்ணும் நடக்கலை. கடைசியில நாலு பேர் சேர்ந்து பெரியவரை நார்க்கட்டில்ல படுக்க வச்சு, யானை வர்ற நேரத்துல, இருட்டுல, ஒரு கிலோமீட்டர் தூக்கிட்டுப் போயிருக்காங்க. தென்காசி பெரியாஸ்பத்திரியில விஷமுறிவு ஊசி போட்டுப் பிழைச்சுட்டாரு. ஆனா அந்த முக்கால் மணி நேரத்தை மாமாவால மறக்க முடியலை.

ரெண்டு நாள் கழிச்சு எனக்குப் போன்.

"மருமவனே, ஃபோர் வீல் டிரைவ்னா நாலு சக்கரமும் இழுக்கும்லா? பொறவு ஏம்டே ரெண்டு மட்டும் சுத்துச்சு?"

"அது டிஃபரன்ஷியல் மாமா."

"அந்த எழவு எனக்கும் தெரியும். கிரவுன் ஹவுசிங்கைக் கழட்டி மாட்டுனவன்தான நானு. அதைச் சரி பண்ண என்ன வண்டி வாங்கணும், அதச் சொல்லு. ஏழு லட்சம் வச்சிருக்கேன். அத்தை நகையும் அதுல அடக்கம். பாத்துச் சொல்லு."

"அத்தை நகையும் அதுல அடக்கம்" அப்படிங்கிற வார்த்தைக்கு அப்புறம் நமக்குத் தூக்கம் வருமா? ஒரு வாரம் ஆபீஸ் வேலையை ஓரமா வச்சுட்டு (மேனேஜர் யாராச்சும் படிச்சா இந்த வரியைத் தாண்டிப் போகவும்) உக்காந்து படிச்சேன். படிச்சதைத்தான் இங்க எழுதுறேன். மலையோரத்துல தோட்டம் வச்சிருக்கிற யாருக்காச்சும் பிரயோசனப்படும்.

முதல்ல டிஃபரன்ஷியல் எதுக்கு? வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் கம்மியா ஓடணும். ரெண்டையும் ஒரே ராடுல இறுக்கி வச்சா ஏதாச்சும் ஒண்ணு தேய்ஞ்சுக்கிட்டே வரும், வண்டியும் திரும்ப மறுக்கும். இதுக்குத்தான் நடுவுல ஸ்டார் கியரு, சைடு கியரு எல்லாம் போட்டு ரெண்டு பக்கமும் தனித்தனி வேகத்துல சுத்த விடுறாங்க. 1820களோட கடைசியிலயே பிரான்ஸ்ல ஒனெசிஃபோர் பெக்கோர்னு ஒருத்தர் நீராவி வண்டிக்காக இதைச் செஞ்சுட்டாரு. பெட்ரோல் கார் வர்றதுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே!

எல்லாரும் சொல்ற ஒரு விஷயம் உண்டு: "வழுக்குற சக்கரத்துக்கே பவர் எல்லாம் போயிடும்." கேட்க சரியா இருக்கும். ஆனா உள்ள நடக்கிறது வேற. சாதா டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கத்துக்கும் எப்பவும் சமமான திருப்புவிசையைத்தான் கொடுக்கும். நடுவுல இருக்கிற ஸ்டார் கியர் ஒரு தராசு மாதிரி. ஒரு பக்கம் களியில இருந்தா அந்தச் சக்கரம் தாங்குற விசை கொஞ்சம்தான். தராசு சமமா நிக்கணுமே? அதனால கல்லுல இருக்கிற சக்கரத்துக்கும் அதே கொஞ்சம்தான் கிடைக்கும். பந்தியில ஒருத்தரு "எனக்கு ஒரு கரண்டி போதும்"னா பக்கத்து இலைக்கும் ஒரு கரண்டிதான் அப்படிங்கிற மாதிரி. அவருக்கு எவ்வளவு பசியா இருந்தாலும் அவ்வளவுதான்.

இப்போ அந்தக் கணக்கு. மாமா ஜீப்பு சரக்கோட 2000 கிலோன்னு வச்சுக்கோங்க. சக்கரத்துக்கு 500 கிலோ. கல்லுத் தரையில பிடிப்பு 0.7, அதாவது ஒரு சக்கரம் 350 கிலோ இழுக்கும். ஈரக் களியில 0.15, அதாவது 75 கிலோ. ஓடை ஏத்தம் நூத்துக்குப் பதினஞ்சு சாய்வு, அதுக்கு 300 கிலோ வேணும். சக்கரம் சகதியில புதையறதுக்குத் தண்டம் ஒரு 200. மொத்தம் 500 கிலோ இழுவை இருந்தா வண்டி ஏறும். இந்த எண்கள் எல்லாம் நான் ஒரு உத்தேசத்துக்குப் போட்டது. ஆனா கதையைச் சரியாச் சொல்லும்.

அன்னைக்கு ஜீப்பு நின்னது மூலைக்கு மூலை. முன்னாடி ஒண்ணு களி, ஒண்ணு கல்லு. பின்னாடியும் அப்படியே. முன் ஆக்ஸில் 75 + 75 = 150. பின் ஆக்ஸில் 75 + 75 = 150. மொத்தம் 300. வேண்டியது 500. வண்டி நிக்கும். மாமா கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான். நாலு சக்கரத்துக்கும் பவர் போச்சு, ஆனா போனது சக்கரத்துக்கு 75தான்.

பின் ஆக்ஸிலை மட்டும் லாக் பண்ணியிருந்தா? பின்னாடி 75 + 350 = 425. முன்னாடி அதே 150. மொத்தம் 575. ஏறியிருக்கும். ரெண்டையும் லாக் பண்ணினா 850. பறந்திருக்கும்.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. பின்சக்கரம் மட்டும் இழுக்குற டூ வீல் டிரைவ் வண்டியில லாக் இருந்தா 425. அதாவது இந்த மூலைக்கு மூலை நிலைமையில, லாக் இல்லாத ஃபோர் வீல் டிரைவை (300) விட லாக் இருக்கிற டூ வீல் டிரைவே தேவலை. ஆனா நாலு சக்கரமும் ஒரே களியில நின்னா கணக்கு தலைகீழ். அப்போ ஃபோர் வீல் டிரைவ் 300, லாக் போட்ட டூ வீல் டிரைவ் 150. பிடிப்பு சமமா இல்லாத இடத்துக்கு லாக், சமமா மோசமா இருக்கிற இடத்துக்கு ஃபோர் வீல் டிரைவ். ஷோரூம்ல யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க. நான் போன ஒரு ஷோரூம்ல டிஃப் லாக் பத்திக் கேட்டதுக்கு, "சார், இதுல சென்ட்ரல் லாக் இருக்கு, ரிமோட்டும் உண்டு"ன்னாரு அந்தத் தம்பி. அவ்வ்வ்வ்.

சரி, கடைக்குப் போனா என்ன என்ன வகை இருக்கு?

முதல் வகை, கிளட்ச் பிளேட் வச்ச லிமிடெட் ஸ்லிப். உள்ள ஸ்பிரிங் அழுத்துற பிளேட்டுகள் இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் ஓடப் பார்த்தா அந்த உராய்வு அடுத்த பக்கத்துக்குக் கொஞ்சம் விசையைத் தள்ளும். தார் ரோட்டுல தொந்தரவு இல்லை. ஆனா பிளேட்டு தேயும், அதுக்குன்னு தனி ஆயில் ஊத்தணும். தேய்ஞ்சு போனா சாதா டிஃபரன்ஷியல்தான்.

ரெண்டாவது டார்சன் வகை. அமெரிக்காவுல வெர்னான் கிளீஸ்மன் 1958ல காப்புரிமை வாங்கின விஷயம். புழுச்சக்கர கியர்களை வச்சே, வழுக்குற பக்கம் தாங்குறதைப் போல ரெண்டு மடங்கு, மூணு மடங்கை நல்ல பக்கத்துக்குத் தள்ளும். மூணு மடங்குன்னே வச்சுக்குவோம்: 75 + 225 = 300. முன்னாடி 150 சேர்த்தா 450. ஐயோ, அம்பது கிலோவுல போச்சே! இதுல இன்னொண்ணு, சக்கரம் அந்தரத்துல தொங்குச்சுன்னா அது தாங்குறது பூஜ்யம். பூஜ்யத்தை மூணால பெருக்கினாலும் பூஜ்யம்தான். அமெரிக்க ராணுவத்தோட ஹம்வீயில இந்த வகைதான் இருக்கு. அதனால அதை ஓட்டுறவங்களுக்கு, ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுக்கிட்டே லேசா பிரேக்கையும் தொடுன்னு சொல்லிக் கொடுக்கிறாங்க. பிரேக் பிடிச்சா பூஜ்யம் பூஜ்யமா இருக்காது இல்லையா, அதான்.

மூணாவது, பிரேக்கை வச்சே ஏமாத்துறது. 2020ல வந்த தார், 2023ல வந்த ஜிம்னி ரெண்டுலயும் இது உண்டு. சுத்துற சக்கரத்தை ஏபிஎஸ் கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு அதை மட்டும் பிரேக் பிடிக்கும். உடனே நல்ல பக்கத்துக்கு விசை போகும். நம்ம கணக்குல, களிச் சக்கரத்துல பிரேக் 275 பிடிச்சா, அந்தப் பக்கம் 75 + 275 = 350. தராசு விதிப்படி கல்லுச் சக்கரத்துக்கும் 350 கிடைக்கும். தனி பாகம் எதுவும் வேண்டாம், பழுது கம்மி. ஆனா அந்த 275 சும்மா பிரேக்குல சூடாப் போறது. சின்னத் தடைக்கு அருமையானது. தினமும் சரக்கோட நீளமா ஏறணும்னா, பிரேக் தேயறதையும் கணக்குல சேர்த்துக்கணும்.

நாலாவது, தானா விழுற மெக்கானிக்கல் லாக். ஈட்டன் கம்பெனி சமாச்சாரம். அமெரிக்காவுல ஜிஎம் டிரக்குகள்ல 1973ல இருந்து உண்டு. நம்ம நாட்டுல 2015 தார்ல விருப்பத்தேர்வா வந்துச்சு. 2020 தார் சில மாடல்கள்லயும், 2021 பொலேரோ நியோ ஒரு மாடல்லயும் கொடுத்தாங்க. ரெண்டு சக்கரத்துக்கும் நிமிஷத்துக்குச் சுமார் நூறு சுத்து வித்தியாசம் வந்தா உள்ள இருக்கிற குண்டு விரிஞ்சு கொக்கி விழும், ஆக்ஸில் முழுசா லாக் ஆயிரும். வண்டி சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினா விழாது. டிரைவர் ஒண்ணும் செய்ய வேண்டாம். குறைன்னு பார்த்தா, சக்கரம் வழுக்கின அப்புறம்தான் வேலை செய்யும். அதுக்குள்ள களியில ஒரு குழி தோண்டியிருக்கும். ஆக்ஸிலரேட்டரை வெறி பிடிச்ச மாதிரி மிதிச்சா கொக்கி "டம்"முனு விழும். நாம கேட்கிறப்போ விழாது, அது நினைக்கிறப்போதான் விழும்.

அஞ்சாவது, நாமளே போடுற லாக். லிவர், காத்து, கரண்ட், எதுல வேணா இயங்கலாம். ஜெர்மனியோட யூனிமாக், ஜி வேகன் எல்லாம் இந்த ஜாதி. நம்ம ஊர் கூர்காவுல முன்னாடியும் பின்னாடியும் லாக் கொடுத்தாங்க. டொயோட்டா ஹைலக்ஸ்ல பின்னாடி சுவிட்ச் லாக் உண்டு, ஆனா அது 2022ல வந்தப்பவே 34 லட்சத்தை ஒட்டி. மாமாகிட்ட அந்த விலையைச் சொன்னேன். "தோப்பு வெலைய கேட்டனா, வண்டி வெலைய கேட்டனா?"ன்னாரு. ஆஸ்திரேலியா ஏஆர்பி கம்பெனியோட காத்துல இயங்குற லாக்கரை வாங்கிப் பழைய வண்டியில மாட்டலாம். அதுக்கு விசாரிச்ச விலைக்கு மாமா ஜீப்பையே வித்துரலாம். அது போக மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, இன்ஷூரன்ஸ்னு ஆர்டிஓ ஆபீஸ்ல போய் வேற கேட்டுக்கணும்.

இத்தனையும் ஒரு எக்ஸல் ஷீட்டுல போட்டு, மார்க் எல்லாம் கொடுத்து, ஊருக்குப் போனேன். பொட்டி தட்டுறவன் புத்தி வேற எங்க போகும்? என் ஷீட்டுல முதல் மார்க் வாங்கினது தானா விழுற நாலாவது வகை. டிரைவர் யோசிக்கவே வேண்டாம் இல்லையா, அதான் காரணம்.

மாமாவுக்கு ஷீட்டை விளக்கிக்கிட்டு இருந்தப்போ, பக்கத்து வயல்ல தொளி அடிச்சுட்டு டிராக்டர் ஓட்டுற அண்ணாச்சி ஒருத்தர் வரப்புல வந்து உக்காந்தாரு. பிசான நடவு நேரம். காலு முட்டி வரைக்கும் சேறு. எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "தம்பி, இதுல நாலு சமாச்சாரம் எங்க டிராக்டர்ல எங்க தாத்தா காலத்துல இருந்து கெடக்கே"ன்னாரு.

அவரு சொன்னது நிஜம்தான். டிராக்டர் சீட்டுக்குக் கீழே குதிங்காலுக்குப் பக்கத்துல ஒரு சின்ன பெடல் இருக்கும். அதுதான் டிஃப் லாக். வயல்ல ஒரு சக்கரம் புதைஞ்சு சுத்த ஆரம்பிச்சா, வேகத்தைக் குறைச்சு, குதிங்காலால அழுத்திப் பிடிக்கணும். ரெண்டு சக்கரமும் ஒண்ணாச் சுத்தும். வெளிய வந்ததும் காலை எடுத்தா ஸ்பிரிங் தானா விடுவிச்சிரும். வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக் பெடல், இடதுக்கு ஒரு பெடல்னு தனித்தனியா வேற உண்டு. சுத்துற பக்கத்தை மட்டும் லேசாப் பிரேக் பிடிச்சா நல்ல பக்கம் இழுக்கும். தார்லயும் ஜிம்னியிலயும் கம்ப்யூட்டர் செய்யுதுன்னு நான் மூச்சு வாங்கிச் சொன்னதை, இவரு வலது காலால ரொம்ப வருஷமா செஞ்சுக்கிட்டு இருக்காரு!

"லாக்கைப் போட்டுக்கிட்டுத் திருப்புனா என்ன ஆவும் அண்ணாச்சி?"

"திரும்பாது. நேரா வரப்புல போய் ஏறும். ஏறலைன்னா உள்ள ஏதாச்சும் ஒடையும். எடுத்துட்டுத்தான் திருப்பணும். அது எப்பம் போடணும்னு மெசினுக்குத் தெரியாது தம்பி, ஓட்டுறவனுக்குத்தான் தெரியும். வழுக்கப் போவுதுன்னு தெரிஞ்சா முன்னாடியே போட்டுரணும். சக்கரம் தோண்டின பொறவு போட்டு என்ன பிரயோசனம்?"

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பொறி தட்டின இடம். தானா விழுற லாக் வழுக்கின அப்புறம்தான் முழிக்கும். ஓடை ஏத்தத்துல அந்த மேடு எங்க இருக்கு, எந்தக் கல்லு தாண்டினதும் மூலைக்கு மூலை தொங்கும்னு மாமாவுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அந்த அறிவு வண்டிக்குக் கிடையாது. தெரியாத காட்டுல, தெரியாத ஆள் ஓட்டுறதுக்குத் தானியங்கி நல்லது. தினமும் போற ஒரே தடத்துல, முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டின காலுக்குக் கையால போடுற லாக்தான் சரி. மாமா காலுக்கு அது ஏற்கெனவே பழக்கம். புதுசாக் கத்துக்க ஒண்ணுமே இல்லை. என் ஷீட்டுல "ஓட்டுறது யாரு" அப்படின்னு ஒரு காலம் சேர்த்ததும் மார்க் எல்லாம் மாறிப் போச்சு.

ஹேண்ட்பிரேக் ஏன் உதவலைன்னும் அண்ணாச்சிதான் ஜீப்புக்கு அடியில குனிஞ்சு பார்த்துச் சொன்னாரு. நிறைய வண்டிகள்ல ஹேண்ட்பிரேக் பின்சக்கரம் ரெண்டையும் பிடிக்கும். அதை ரெண்டு பல்லு இழுத்தா வழுக்குற சக்கரத்துக்குக் கொஞ்சம் எதிர்ப்பு கிடைச்சு, நல்ல சக்கரத்துக்கும் விசை போகும். ஏழைக்கேத்த லிமிடெட் ஸ்லிப். ஆனா வில்லீஸ் பரம்பரையில வந்த பழைய ஜீப்புல ஹேண்ட்பிரேக் டிரம் ப்ரொபெல்லர் ஷாஃப்டுல இருக்கும், டிஃபரன்ஷியலுக்கு முன்னாடியே. அங்க பிடிச்சா மொத்தப் பவரையும் பிடிக்கிறதுதான். தராசு அப்படியேதான் நிக்கும். அன்னைக்கு மாமா இழுத்த ஹேண்ட்பிரேக் வீணாப் போனது இதனாலதான்.

அடுத்த கேள்வி, முன்னாடியும் லாக் வேணுமா? முன் ஆக்ஸில் லாக் ஆனா ஸ்டியரிங் இறுகி, வண்டி நேராவே போகப் பார்க்கும். சாய்வான களித் தடத்துல ரெண்டு முனையும் லாக் ஆகியிருந்தா நாலு சக்கரமும் ஒண்ணாப் பிடிப்பு விட்டுப் பள்ளத்துப் பக்கமாச் சறுக்கும். சாதா டிஃபரன்ஷியல்ல ஒரு சக்கரம் சுத்தினாலும், சும்மா நிக்கிற சக்கரமாச்சும் வண்டியைப் பக்கவாட்டுல பிடிச்சு வச்சிருக்கும். ஓடை ஏத்தத்துக்கு ஒரு பக்கம் பத்தடிப் பள்ளம். நம்ம கணக்குக்குப் பின் லாக் மட்டும் போட்டாலே 575 வருது, போதும். ஆக, பின்னாடி லாக் அவசியம், முன்னாடி இருந்தா இருக்கட்டும், தொட வேண்டாம்னு முடிவாச்சு.

இன்னொரு கணக்கு பாக்கி. அதை நான் சொல்லாம விட்டிருந்தா மாமா ஏழு லட்சத்தையும் வண்டியிலயே போட்டிருப்பாரு. ஓடைக்கு முன்னாடி நாப்பது மீட்டர் தூரம் வெறும் களி. அங்க நாலு சக்கரத்துக்கும் 75தான். முன்னாடி பின்னாடி எல்லாத்தையும் லாக் பண்ணினாலும் நாலு எழுபத்தஞ்சு முந்நூறு. எவ்வளவு விலை கொடுத்து என்ன டிஃபரன்ஷியல் வாங்கினாலும் முந்நூத்தி ஒண்ணு ஆகாது. டிஃபரன்ஷியல் இருக்கிற பிடிப்பைப் பங்கு போடும், இல்லாத பிடிப்பை உண்டாக்காது. அந்த இடத்துக்கு நல்ல மண் டயர், கொஞ்சம் காத்து குறைச்சு ஓட்டுறது, எல்லாத்துக்கும் மேல தரையில கல்லு. இவ்வளவுதான் மருந்து.

"அப்பம் தடத்தைச் செரி பண்ணாம வண்டி வாங்கிப் பிரயோசனம் இல்லைங்க?"

"ஆமா மாமா. தடத்தை மட்டும் சரி பண்ணினாலும் அந்த மேட்டுல நிக்கும். ரெண்டும் வேணும்."

மாமா ரொம்ப நேரம் பேசலை. அத்தைதான் உள்ள இருந்து, "அப்பம் என் வளையலு ரெண்டு கல்லாப் போவுது, ரெண்டு வண்டியாப் போவுது"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புல பாதி நிஜமான வருத்தம்னு எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். அவங்க வளையல் இல்லாத கையோட தை மாசம் ரெண்டு கல்யாணத்துக்குப் போகணும். என்னோட சேமிப்புல இருந்து ஒரு லட்சம் தர்றேன், வளையலை விட்டுருங்கன்னு சொன்னேன். மாமா ஒத்துக்கலை. கடனா எழுதிக்கோங்கன்னதும் அரை மனசா ஒத்துக்கிட்டாரு. நாலு வளையல்ல ரெண்டு தப்பிச்சுது.

கம்பெனியிலயே பின் லாக்கோட வந்த ஒரு செகண்ட்ஹேண்ட் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை மதுரைப் பக்கம் பிடிச்சோம். பேரு வேணாம், விளம்பரம் ஆயிரும் :) இந்த மாதிரி வண்டி வாங்கப் போறவங்களுக்கு ஒரு சோதனை சொல்றேன், காசு செலவு இல்லாதது. முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஃபோர் வீல் டிரைவை எடுத்துட்டு, பின் ஆக்ஸிலை ஜாக்கி வச்சுத் தூக்கி, அடியில ஸ்டாண்டு கொடுத்துருங்க. இன்ஜினை அணைச்சுட்டு கியர்ல போட்டு விடுங்க. லாக் எடுத்திருக்கும்போது ஒரு பின்சக்கரத்தைக் கையால சுத்தினா இன்னொண்ணு எதிர்த்திசையில சுத்தும். லாக் போட்டா ரெண்டுமே அசையக் கூடாது. அசைஞ்சா உள்ள லாக் வேலை செய்யலை, பேரம் பேசலாம் அல்லது எந்திரிச்சு வந்துரலாம். நாங்க பார்த்த மூணு வண்டியில ரெண்டுல லிவர் இருந்துச்சு, லாக் இல்லை. வித்தவங்க ரெண்டு பேருமே "சூப்பரா வேலை செய்யும் சார்"னுதான் சொன்னாங்க.

மிச்சக் காசுல ஜேசிபி வச்சு அந்த நாப்பது மீட்டருக்கு உடைகல்லும் சரளையும் பரப்பி, ரெண்டு பக்கமும் தண்ணி போக வாய்க்கால் எடுத்தாச்சு. மேட்டைக் கொஞ்சம் சீவியாச்சு, முழுசாச் சீவ முடியலை, அடியில பாறை.

வண்டி வந்து ஒரு மழைக்காலம் முடிஞ்சாச்சு. போன வாரம் மாமாகிட்ட எத்தனை தடவை லாக் போட்டீங்கன்னு கேட்டேன்.

"எண்ணி ஆறு தடவை. மேட்டுக்கு முன்னால உள்ள மஞ்சக் கல்லுல போடுவேன், புளியமரத்துகிட்ட எடுத்துருவேன். சரக்கு ஒருநாள் கூட தங்கல."

புதுசா வந்திருக்கிற டிரைவர் பையனுக்காக டேஷ்போர்டுல பெயிண்டால ரெண்டு வரி எழுதி வச்சிருக்காரு: வழுக்கும் முன் போடு, திரும்பும் முன் எடு. என் எக்ஸல் ஷீட்டுல இருந்த நாப்பது வரியும் அந்த ரெண்டு வரிக்குள்ள அடங்கிருச்சு.

இப்போதைக்கு அத்தைக்கு ரெண்டு வளையலும், எனக்கு ஒரு லட்சமும் பாக்கி. எலுமிச்சை விலை நல்லா இருந்தா முதல்ல வளையல், அப்புறம்தான் நானு. அந்த வரிசையில எனக்கு ஆட்சேபணை இல்லை.

பி.கு: கொடைக்கானல், வால்பாறை, போடிமெட்டு பக்கம் தோட்டம் இருக்கிற நண்பர்கள் யாராச்சும் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி ஓட்டியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்த ஐப்பசிக்குள்ள மாமா கண்டிப்பா அதைப் பத்திக் கேட்பாரு.